சிகோ மெண்டிஸ்: காட்டு நிதியின் கணக்கைக் கேட்ட தொழிலாளி

காடுகளைக் காப்பதற்கென்று பெருந்தொகைகள் அறிவிக்கப்படுகின்றன. அந்த நிதி எவர் கைக்குச் செல்கிறது, அதைப் பற்றி முடிவெடுப்போர் யார் என்ற கேள்விகள் எழும்போதெல்லாம் நாம் நினைவுகூர வேண்டியவர், பிரேசில் நாட்டின் ரப்பர் தொழிலாளி சிகோ மெண்டிஸ்.

1944 டிசம்பர் 15 அன்று அக்ரே மாநிலத்தின் ஷாப்பூரி ஊரையடுத்த காட்டு ரப்பர் எஸ்டேட் ஒன்றில் அவர் பிறந்தார். பத்து வயதை எட்டும் முன்பே தந்தையுடன் பால் வடிக்கச் சென்றார். எஸ்டேட்டுகளில் பள்ளிக்கூடம் இல்லை. தொழிலாளர் முதலாளியின் கடையிலேயே கடனுக்குப் பொருள் வாங்கினர். அவர் சொன்ன விலைக்கே ரப்பரைக் கொடுத்தனர். எழுத்தறியாதவரால் அந்தக் கணக்கைச் சரிபார்க்க இயலவில்லை, கடனும் தீரவில்லை. அரசின் கண்ணுக்குத் தப்பிக் காட்டில் வாழ்ந்த யூக்ளிடிஸ் தாவோரா என்ற இடதுசாரியிடம் பழைய செய்தித்தாள்களைக் கொண்டே மெண்டிஸ் படிக்கக் கற்றார்.

1970களில் இராணுவ அரசு வரிச்சலுகையும் மலிவுக் கடனும் அளித்துக் கால்நடைப் பண்ணையாளர்களை அமேசானுக்கு அழைத்தது. மரங்கள் வீழ்ந்தன, தலைமுறைகளாக அங்கு உழைத்தவர்கள் வெளியேற்றப்பட்டனர். அவர்களிடம் பட்டா இல்லை. தொழிற்சங்கங்கள் 'எம்பாட்டே' எனும் போராட்ட முறையைக் கண்டன. பெண்களும் குழந்தைகளும் உட்பட அனைவரும் மரம் வெட்டுமிடத்திற்கு அணிவகுத்துச் செல்வர். இரம்பம் பிடித்திருந்தவரும் ஏழைக் கூலிகளே என்பதால், அவர்களிடம் பேசியே வேலையை நிறுத்த முயன்றனர். 1980இல் சங்கத் தலைவர் வில்சன் பினெய்ரோ சுட்டுக் கொல்லப்பட்டார். போராட்டம் ஓயவில்லை.

1985இல் பிரேசிலியா நகரில் ரப்பர் தொழிலாளரின் முதல் தேசிய மாநாடு கூடியது. அங்கே 'சேகரிப்புக் காப்பகம்' என்ற திட்டம் முன்வைக்கப்பட்டது. நிலம் அரசுடையது, பயன்படுத்தும் உரிமை அங்கு வாழும் சமூகத்துடையது, அதை விற்க எவராலும் இயலாது. முன்பு முதலாளிகள் மோதவிட்ட பழங்குடி மக்களும் ரப்பர் தொழிலாளரும் இக்கோரிக்கைகளுக்காக ஓரணியில் திரண்டனர்.

அமெரிக்க நாடுகளின் வளர்ச்சி வங்கி, பி.ஆர்.-364 நெடுஞ்சாலைக்குக் கடன் அளித்திருந்தது. காட்டையும் பழங்குடிகளையும் காக்கும் நிபந்தனைகள் ஏட்டளவிலேயே நின்றன. 1987இல் மெண்டிஸ் மயாமியில் நடந்த அவ்வங்கியின் கூட்டத்திற்கும், பின்னர் வாஷிங்டனுக்கும் சென்றார். சாலையே கூடாது என்பதல்ல அவர் வாதம். காட்டில் வாழ்வோரைக் கேளாமல் பணம் கொடுக்கக் கூடாது என்பதே. கடன் வழங்கல் நிறுத்தி வைக்கப்பட்டது. அதே ஆண்டு ஐ.நா.வின் குளோபல் 500 விருதும் அவரைத் தேடி வந்தது. 1988 டிசம்பர் 22 அன்று, காவலர்கள் வீட்டிலிருக்கும்போதே, பண்ணையார் டார்லி ஆல்வெசின் ஏவலில் அவருடைய மகன் மெண்டிஸைச் சுட்டுக் கொன்றான்.

1990இல் அவர் பெயரால் ஏறத்தாழ 9.7 லட்சம் ஹெக்டேரில் காப்பகம் அறிவிக்கப்பட்டது. பணக்கார நாடுகளின் நிதியும் இத்தகைய காப்பகங்களுக்கு வந்தது. ஆயினும் ரப்பர் விலை வீழ்ந்து கிடந்ததால், பல குடும்பங்கள் மாடு வளர்ப்புக்குத் திரும்பின. அக்காப்பகத்திற்குள்ளேயே காடழிப்பு நுழைந்தது. இதை அம்மக்களின் குற்றமாகக் காட்டுவோரை நாம் ஏற்பதற்கில்லை. உரிமை வந்தது, அதைக் கொண்டு வாழப் போதுமான வருவாய் வரவில்லை. 1999இல் அக்ரே அரசு மெண்டிஸின் பெயரால் சட்டமியற்றி, ரப்பருக்குக் கிலோ கணக்கில் மானியம் வழங்கத் தொடங்கியது. சங்கங்களிலும் கூட்டுறவுகளிலும் சேர்ந்த தொழிலாளருக்கே அது சென்றது.

காட்டைக் காக்கும் உழைப்புக்குக் கூலி உண்டு என்பதை அச்சட்டம் ஒப்புக்கொண்டது. ஆகவே, எந்தப் பாதுகாப்புத் திட்டத்தை ஆராயும்போதும் அதன் தொகையை மட்டும் நாம் பார்த்தல் போதாது. மண்ணில் உழைப்போர் முடிவெடுக்கும் அவையில் அமர்ந்திருக்கிறார்களா, கணக்கேட்டைப் புரட்டிப் பார்க்கும் உரிமை அவர்களுக்கு உண்டா என்பதையும் கேட்க வேண்டும்.