பதநீர் குடிச்சிருப்பீங்க... கமலா சோஹோனியைத் தெரியுமா? சீட் மறுக்கப்பட்ட ஊட்டச்சத்து விஞ்ஞானியின் கதை

கோடை வந்தாலே நெல்லை ரோட்டோரங்களில் ஓலைப் பட்டையில் பதநீர் கிடைக்கும். உடம்புக்குக் குளிர்ச்சி, சத்து என்று பெரியவர்கள் சொல்வார்கள். பனை வகை மரங்களின் புளிக்காத சாற்றில் என்ன சத்து இருக்கு என்று ஆய்வகத்தில் பரிசோதித்துச் சொன்னவர் கமலா சோஹோனி. ஆனால் ஆராய்ச்சிப் படிப்பில் சேரவே அவர் போராட வேண்டியிருந்தது.

மார்க் இருந்தும் சீட் இல்லை

1911-ல் இந்தூரில் பிறந்தவர் கமலா. அப்பா, சித்தப்பா இருவருமே வேதியியல் படித்தவர்கள். 1933-ல் பம்பாய் பல்கலைக்கழகத்தில் பி.எஸ்சி. முடித்து, பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்துக்கு விண்ணப்பித்தார். அப்போது இயக்குநராக இருந்தவர் நோபல் பரிசு பெற்ற நம்ம திருச்சிக்காரர் சர் சி.வி. ராமன். பெண் என்பதால் இடம் தர மறுத்துவிட்டார்.

கமலா திரும்பிப் போகவில்லை. ராமனின் அலுவலகத்திலேயே சத்தியாகிரகம் இருந்தார். கடைசியில் நிபந்தனைகளோடு சீட் கிடைத்தது. முதல் வருடம் முழுக்க சோதனைக் காலம், வழிகாட்டி சொன்னால் ராத்திரியிலும் வேலை பார்க்கணும், ஆய்வகச் சூழலைக் கெடுக்கக் கூடாது என்பவைதான் அவை. அவமானமாக இருந்தாலும் ஏற்றுக்கொண்டார்.

பருப்பும் பாலும்தான் ஆராய்ச்சி

வழிகாட்டி ஸ்ரீனிவாசய்யா. பால், பருப்பு, பயறு வகைகளில் உள்ள புரதங்களைக் கமலா ஆராய்ந்தார். 1936-ல் அந்த ஆராய்ச்சிக்கே எம்.எஸ்சி. பட்டம் கிடைத்தது. ஒரு வருடத்திலேயே அவரது உழைப்பைப் பார்த்து ராமன் மனம் மாறினார். பெண்களுக்கும் அங்கே கதவு திறந்தது.

அடுத்து கேம்பிரிட்ஜ். உருளைக்கிழங்கில் தொடங்கிய ஆய்வில், தாவரத் திசுக்களிலும் 'சைட்டோகுரோம் சி' என்ற புரதம் இருப்பதைக் கண்டுபிடித்தார். 1939-ல் பிஎச்.டி. வாங்கினார். ஆய்வேடு வெறும் 40 பக்கம்தான்! அறிவியலில் டாக்டர் பட்டம் பெற்ற முதல் தலைமுறை இந்தியப் பெண்களில் அவரும் ஒருவர்.

குன்னூர் முதல் நீரா வரை

நாடு திரும்பியவர் டெல்லி லேடி ஹார்டிங் மருத்துவக் கல்லூரியிலும், பிறகு நம்ம நீலகிரி மாவட்டம் குன்னூரில் இருந்த ஊட்டச்சத்து ஆய்வகத்திலும் பணியாற்றினார். குன்னூரில் உதவி இயக்குநராக இருந்து வைட்டமின்களை ஆராய்ந்தார். 1947-ல் திருமணமாகி மும்பை சென்றார்.

அங்கேதான் 'நீரா' ஆய்வு. நம்ம பதநீரின் உறவுக்கார பானம் இது. குடியரசுத் தலைவர் ராஜேந்திர பிரசாத்தின் யோசனையில் தொடங்கிய இந்த ஆய்வில், நீராவில் வைட்டமின் ஏ, சி, இரும்புச்சத்து இருப்பது தெரிந்தது. வெல்லமாகக் காய்ச்சினாலும் அந்தச் சத்துகள் நீடிப்பதைக் காட்டினார். ஊட்டச்சத்துக் குறைபாடுள்ள பழங்குடிப் பிள்ளைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் நீரா கொடுத்தபோது உடல்நிலை தேறியது. இதற்காக அவருக்குக் குடியரசுத் தலைவர் விருது கிடைத்தது.

பின்னாளில் மும்பை ராயல் அறிவியல் கழகத்துக்கே இயக்குநரானார். 1998-ல் காலமானார். ஆய்வகத்தில் ஒரு இடத்துக்காகக் காத்திருந்த பெண், கடைசியில் ஒரு கல்வி நிறுவனத்தையே நடத்தினார். அவர் ஆராய்ந்தது எல்லாம் சாமானியர் வீட்டுச் சாப்பாட்டைத்தான். அடுத்த முறை பதநீர்ப் பட்டையைக் கையில் வாங்கும்போது கமலாவையும் ஒரு நிமிஷம் நினைச்சுப் பாருங்க.