கமராவுடன் உலகை வலம் வந்த தமிழர்: ஏ. கே. செட்டியார்

வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் கமரா ஏந்திய இளைஞர் தொகை ஆண்டுதோறும் பெருகி வருகின்றது. கலியாணம், அரங்கேற்றம், கோயில் திருவிழா என அழைத்த இடமெல்லாம் சென்று, எவரிடமும் மாதச் சம்பளம் பெறாது, சுயாதீனமாகப் படம் பிடித்துச் சீவிக்க முயல்வோர் எம் சங்கத்திலும் சிலர் உளர். நிரந்தரமான உத்தியோகம் ஒன்றைத் தேடாமல் இதென்ன தொழில் என்று வீட்டிலுள்ள பெரியோர் கவலைப்படுகின்றனர். அக்கவலை நியாயமானதே. ஆயினும், இளைஞரும் பெரியோரும் ஒருங்கே அறிய வேண்டிய ஒருவரின் வரலாற்றை இம்மலரில் எழுதத் துணிந்தோம்.

அவர்தாம் ஏ. கே. செட்டியார். இயற்பெயர் கருப்பன் செட்டியார். 1911ஆம் ஆண்டு நவம்பர் 4ஆம் தேதி, செட்டிநாட்டிலுள்ள கோட்டையூரில் நகரத்தார் குலத்திற் பிறந்தார். கொழும்பு மக்களுக்கு நகரத்தார் அந்நியரல்லர். ஆண்டுதோறும் செட்டியார் தெருவிலிருந்து பம்பலப்பிட்டி நோக்கி ஆடிவேல் இரதத்தை இழுத்து வரும் மரபு அவர்கள் தந்த சொத்தன்றோ? வட்டித் தொழிலும் வாணிபமும் குலத்தொழிலாக அமைந்த அச்சமூகத்திலே பிறந்த இவ்விளைஞரோ எழுத்தையும் படப்பிடிப்பையும் விரும்பினார். இரங்கூனில் வெளிவந்த தனவணிகன் என்ற பத்திரிகைக்கு ஆசிரியராக இருந்தார். பின்னர் யப்பானுக்குச் சென்று தோக்கியோவிலும், அதன்பின் அமெரிக்காவுக்குச் சென்று நியூயோர்க்கிலும் ஒளிப்படக் கலையை முறையாகப் பயின்றார். ஆசை மாத்திரம் போதாது, தொழிலைக் கற்றே தொடங்க வேண்டும் என்பதை அவர் உணர்ந்திருந்தார். இது நாம் கவனிக்க வேண்டிய முதற் பாடமாகும்.

1937ஆம் ஆண்டு ஒக்டோபர் 2ஆம் தேதி, நியூயோர்க்கிலிருந்து டப்ளினுக்குச் சென்றுகொண்டிருந்த சமாரியா என்ற கப்பலில் அவர் பயணஞ் செய்துகொண்டிருந்தார். அன்று காந்தியடிகளின் பிறந்த நாள். அடிகளின் வாழ்க்கையை ஒரு செய்திப்படமாக ஆக்க வேண்டும் என்ற எண்ணம் அக்கடலின் நடுவே அவருக்கு உதித்தது. அப்போது அவருக்கு இருபத்தாறு வயதும் நிறையவில்லை. பின்னே பெரிய கம்பனி எதுவும் நிற்கவில்லை. அடிகளோ அந்நிய அரசு ஐயத்துடன் நோக்கிய தலைவர். இவற்றையெல்லாம் அறிந்தும் அவர் பின்வாங்கவில்லை.

காந்தியடிகள் 1893 முதல் தென்னாபிரிக்காவில் உழைத்தவர். 1927 நவம்பரில் எம் இலங்கைக்கும் வந்து கொழும்பிலும் யாழ்ப்பாணத்திலும் மக்களைச் சந்தித்தவர். அத்தகைய ஒருவரின் வாழ்வைப் புதிதாகப் படம் பிடித்து முடித்துவிட இயலுமா? கடந்துபோன நாட்களைத் திரும்ப அழைத்துக் கமராவின் முன் நிறுத்த எவராலும் முடியாது. ஆதலால், பலர் பல காலத்தில் எடுத்து, எங்கெங்கோ கிடந்த படத்துண்டுகளைத் தேடிச் சேர்க்க அவர் புறப்பட்டார். அதற்காக நெடுந்தொலைவு பயணம் செய்தார். முப்பது ஆண்டுக் காலத்தில் ஏறக்குறைய நூறு படப்பிடிப்பாளர் எடுத்த 50,000 அடிச் சுருளைத் திரட்டினார். பேசும் படத்தின் வேகத்தில் ஓட்டினால் அது ஒன்பது மணி நேரத்துக்கு மேல் ஓடும். அதிலிருந்து தெரிந்தெடுத்து 12,000 அடியாக, அதாவது இரண்டேகால் மணி நேர அளவாகச் சுருக்கினார். அக்காலத்துச் சுருள் எளிதில் தீப்பற்றும் இயல்புடையது. ஈரமும் வெப்பமும் அதனை அழிக்கும். அத்தகைய பொருளை நாடு நாடாகத் தேடிச் சேர்த்தார் என்பதை எண்ணும்போது வியப்பு மேலிடுகின்றது.

1940ஆம் ஆண்டு ஆகஸ்ட் 23ஆம் தேதி அப்படம் தமிழ் விளக்கவுரையுடன் சென்னையில் வெளியாயிற்று. அது போர்க்காலம். 1947 ஆகஸ்டில், பாரதம் சுதந்திரமடைந்த வேளையில், இந்தி விளக்கவுரையுடன் டில்லியிற் காட்டப்பட்டது. 1953இல் அமெரிக்காவில் ஆங்கில வடிவமும் பெற்றது. ஆயினும், எத்தனையோ பேரின் சுருளைத் தேடிக் காத்த அப்பெரியாரின் முதல் தமிழ்ப் படம் பிற்காலத்திற் கிடைத்தற்கரியதாயிற்று. காலத்தின் விளையாட்டை என்னென்பது!

இதை எழுதுகையில் எம் மனத்தை உறுத்தும் ஒன்றை மறைக்க விரும்பவில்லை. சில காலத்தின் முன் நாமும் நண்பர் சிலருமாக ஒரு கலியாண வீட்டிற் படம் பிடித்தோம். படத்தை வெட்டித் தொகுத்துக் கொடுத்துக் கூலியும் பெற்றோம். அடுத்த வேலைக்கு இடம் வேண்டுமென்று மிகுதிப் பதிவுகளை அழித்துவிட்டோம். சில மாதங்களின் பின் அவ்வீட்டுப் பாட்டி காலமானார். பாட்டி பேசிக்கொண்டிருந்த காட்சி ஏதும் உண்டோ என்று கேட்டு வந்தனர். முற்றத்தில் இருந்து அவர் பழங்கதை சொன்னதை நாம் பதிவு செய்திருந்தோம். அது இப்போது இல்லை. தலை குனிந்து நின்றோம். பிறர் எடுத்த துண்டுக்காக உலகைச் சுற்றியவர் எங்கே, தாம் எடுத்ததையே காவாத நாம் எங்கே?

செட்டியார் 1943இல் குமரி மலர் என்ற மாதப் பத்திரிகையைத் தொடங்கினார். பழைய எழுத்துக்களைத் தேடியெடுத்து அதிற் பதிப்பித்து வந்தார். நெடுங்காலம் அதனை நடத்தி, 1983ஆம் ஆண்டு செப்டெம்பர் 10ஆம் தேதி மறைந்தார். அன்னார் தம் பெயரை விளம்பரப்படுத்த விரும்பாதவர். அதனாலேயே இன்று பலர் அவரை அறியாதிருக்கின்றனர்.

மிஷன் கல்லூரியிற் பயின்ற நாம், எசமான் கொடுத்த தாலந்தை மண்ணிற் புதைத்து வைத்த வேலைக்காரனின் கதையைப் பன்முறை கேட்டதுண்டு. பயந்து புதைத்தவனுக்கு அதனால் ஊதியம் இல்லை. கமரா வாங்க விரும்பும் பிள்ளையைப் பெரியோர் தடுக்க வேண்டாம். அவன் தொழிலை முறையாகக் கற்கின்றானா என்று மாத்திரம் கேட்பாராக. இளைஞராகிய நாமோ, கூலிக்கு எடுத்த படமாயினும் நாளும் இடமும் பெயரும் குறித்துப் பேணி வைப்போமாக. எம் சங்கத்து முதியோர் சொல்லும் கொழும்புக் கதைகளைப் பதிவு செய்வதிலிருந்து இவ்வாண்டே அதனைத் தொடங்கலாம். அதுவே அப்பெரியாருக்கு நாம் செலுத்தும் அஞ்சலியாகும்.