எதெல் பென்விக் அம்மையார்

நோயுற்றாரைப் பேணும் தொழிலுக்கு இன்று படிப்பு உண்டு, தேர்வு உண்டு, தேறியவர் பெயரைப் பொறித்து வைக்கும் பதிவேடும் உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டு இங்கிலாந்திலோ, செவிலியர்க்குரிய உடையை அணிந்த எவரும் தம்மைச் செவிலியர் என்று கூறிக்கொள்ளலாம். மூன்றாண்டு பயின்றவருக்கும் சில வாரங்களே மருத்துவமனையில் இருந்தவருக்கும் வேற்றுமை காண நோயாளியின் வீட்டார்க்கு வழியில்லை. தவறிழைத்து ஓரிடத்திலிருந்து நீக்கப்பட்டவர் மற்றோர் ஊரில் மீண்டும் தொழில் தொடங்கினால், தடுப்பார் எவருமிலர். இந்நிலையை மாற்றப் போராடியவரே எதெல் பென்விக் அம்மையார்.

எதெல் மேன்சன் என்பது இவர்தம் இளமைப் பெயர். 1857ஆம் ஆண்டு ஸ்காத்லாந்து நாட்டில் எல்ஜின் நகரையடுத்துப் பிறந்தார். நாட்டிங்காம், மான்செஸ்டர் மருத்துவமனைகளில் பயிற்சி பெற்றார். 1881இல் இலண்டன் மாநகரின் பழம்பெரும் மருத்துவமனையான புனித பர்த்தலோமியூ மருத்துவமனைக்குத் தலைமைச் செவிலியானார். அப்போது அவருக்கு வயது இருபத்து நான்கே! 1887இல் மருத்துவர் பெட்போர்டு பென்விக் என்பவரை மணந்து அப்பதவியைத் துறந்தார். எனினும், செவிலியர் நலத்தை மறந்தாரல்லர். அவ்வாண்டிலேயே பிரித்தானியச் செவிலியர் சங்கத்தை நிறுவினார்.

மருத்துவர்களுக்கு 1858ஆம் ஆண்டுச் சட்டத்தால் பதிவேடு ஏற்பட்டிருந்தது. செவிலியர்க்கும் அத்தகையதொன்று வேண்டும் என்பதே சங்கத்தின் கோரிக்கை. ஆனால், அதனை எதிர்த்தவர் யாவர்? செவிலியர் குலத்தின் அன்னையெனப் போற்றப்படும் பிளாரன்ஸ் நைட்டிங்கேல் அம்மையாரே எதிர்த்தார்! பொறுமை, பரிவு, நன்னடத்தை ஆகியவற்றைத் தேர்வுத்தாள் அளந்து காட்டாது என்பது அவர் கருத்து. அதனை எளிதில் தள்ளிவிட இயலாது. ஆயினும், நற்குணம் மட்டுமே மருந்தின் அளவை அறிவிக்குமா? இரு பெருமாட்டிகளும் நோயாளியின் நலத்தையே நாடினர், வழிதான் வேறு.

நியூசிலாந்து நாடு 1901இலேயே செவிலியர் பதிவுச் சட்டம் இயற்றிவிட்டது. இங்கிலாந்திலோ மசோதாக்கள் ஒன்றன்பின் ஒன்றாகத் தோல்வியுற்றன. அம்மையார் தளரவில்லை, செவிலியர் இதழொன்றின் ஆசிரியராகி, இடைவிடாது எழுதினார். 1899இல் பன்னாட்டுச் செவிலியர் மன்றத்தைத் தோற்றுவிப்பதில் முன்னின்று, அதன் முதல் தலைவரும் ஆனார். முதல் உலகப் போர் முடிந்தபின், 1919ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்களில் சட்டம் நிறைவேறியது. 1921இல் திறக்கப்பட்ட பதிவேட்டில் முதல் எண்ணுக்குரிய பெயர் எதெல் பென்விக் என்பதாகும்.

வெற்றிக்குப்பின் அவர் வாழ்வு இனிதாகச் சென்றதெனக் கூறுவதற்கில்லை. விண்ணப்பம் ஒவ்வொன்றையும் அவர் நுணுகி ஆராய்ந்தமையால் பதிவு தாமதமாயிற்று, பூசல் மூண்டது, மன்ற உறுப்பினர் பலர் விலகினர். பின்னர் நடந்த தேர்தலில், பதிவேடு பெற்ற செவிலியரே அவரைத் தோற்கடித்தனர். விட்டுக்கொடுக்க அறியாத அவரது உறுதியே அவருக்கு இடராயிற்று எனலாம். அதன்பின்னும் அவர் எழுதுவதை விடவில்லை. 1947ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் தமது தொண்ணூறாம் வயதில் மறைந்தார்.

பிரித்தானியச் செவிலியர் பதிவேட்டில் பெயர் ஏறினால் மட்டும் இன்று போதாது. 2016 முதல், மூன்றாண்டுக்கு ஒருமுறை, குறைந்தது 35 மணி நேரம் புதியன கற்றதற்குச் சான்று காட்டினாலன்றி, அப்பெயர் அதில் நிலைபெறுவதில்லை.