ஜான் பாய்டு டன்லப்

சென்ற விடுமுறையில் எம் இளவல் ஏறி விளையாடும் சிறு மின்சார மோட்டார் சைக்கிளின் பின்னுருளை டயர் தேய்ந்து வழவழப்பாயிற்று. வண்டியை உந்துவது பின்னுருளையே ஆதலின் அதுவே முதலில் தேயும். சங்கிலியைத் தளர்த்தி, உருளையைக் கழற்றி, காற்றை இறக்கி, டயரின் விளிம்பை நெம்பியெடுத்துப் புதியதனைப் பூட்ட எமக்கு ஒரு முற்பகல் சென்றது. அப்பொழுது, தம் மைந்தனது வண்டியின் பின்னுருளைகளுக்குக் காற்றடைத்த டயரைத் தம் கையாலேயே செய்து பூட்டிய ஒரு தந்தையார் எம் நினைவிற்கு வந்தனர். அவர்தம் வரலாற்றை ஈண்டுச் சுருங்க வரையப் புகுகின்றோம்.

ஜான் பாய்டு டன்லப் என்பார் ஸ்காட்லாந்து தேயத்தில் டிரெகார்ன் என்னும் சிற்றூரில் 1840ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் 5ஆம் நாள், உழவர் குடியிற் பிறந்தார். எடின்பரோ நகரிற் கால்நடை மருத்துவம் பயின்று, பத்தொன்பதாம் வயதிலேயே மருத்துவரானார். எம் வயதில் யாம் இன்னும் இலக்கண நூல்களோடு மல்லாடிக் கொண்டிருக்கின்றோம்! 1867இல் அயர்லாந்து சென்று, பின்னர் பெல்பாஸ்ட் நகரில் நிலைபெற்றுத் தம் தொழிலிற் பெரும்பெயர் பெற்றனர். தம் உடல் நலிந்தது என்னும் எண்ணம் மட்டும் இவரை வாழ்நாள் முழுதும் விட்டகன்றிலது.

இவர்தம் புதல்வன் ஜானி ஒரு முச்சக்கர வண்டி வைத்திருந்தான். அக்காலத்து வண்டிகட்குக் கெட்டி இரப்பர்ப் பட்டையே டயர். பெல்பாஸ்ட்டின் தெருக்களோ கருங்கல் பாவியன. இடையிடையே டிராம் தண்டவாளங்கள் வேறு. சிறுவன் குலுங்கிக் குலுங்கிச் செல்வதைக் கண்ட தந்தையார் 1887ஆம் ஆண்டு அக்டோபரில் ஒரு சோதனை செய்தார். ஏறத்தாழ 96 சென்டிமீட்டர் குறுக்களவுள்ள மரவட்டம் ஒன்றைச் செய்து, மெல்லிய இரப்பர்த் தகட்டாற் குழாய் ஒன்று அமைத்து, அதனை வட்டத்தின் விளிம்பில் வைத்துத் துணியாற் போர்த்து ஆணியறைந்தனர். கால்பந்துக்குக் காற்றடிக்கும் பம்பே அதற்கும் உதவிற்று. பின்பு அதனையும் மைந்தனது வண்டியின் உருளை ஒன்றையும் முற்றத்தில் உருட்டிவிட்டனர். வண்டியுருளை இடைவழியில் ஓய்ந்து வீழ்ந்தது. காற்றுருளையோ முற்றத்தைக் கடந்து வாயிற்கம்பத்தில் மோதித் திரும்பிற்று.

பின்னர் வண்டியின் பின்னுருளைகள் இரண்டிற்கும் அத்தகைய டயர் அமைத்தனர். 1888ஆம் ஆண்டின் தொடக்கத்தில் ஒரு நிலவிரவில் வேலை முடிந்தது. பொழுது விடியுமளவும் பொறுப்பானா ஜானி? அந்நேரத்திலேயே வண்டியை ஓட்டிச் சென்றான். மறுநாட் காலையில் தந்தையார் இரப்பரை ஆராய்ந்து நோக்க, அதிற் கீறல் ஒன்றும் காணப்படவில்லையாம். அவ்வாண்டு டிசம்பர் 7ஆம் நாள் பேட்டண்டு என்னும் தனியுரிமை இவருக்கு வழங்கப்பெற்றது.

1889ஆம் ஆண்டு மே 18ஆம் நாள் பெல்பாஸ்ட் குயின்ஸ் கல்லூரியின் விளையாட்டு விழாவில் வில்லி ஹியூம் என்பார் இப்புது டயர் பூட்டிய சைக்கிளில் வந்தார். அதன் பருமனைக் கண்டு கூடியிருந்தோர் நகைத்தனர். அவரோ நான்கு சைக்கிட் பந்தயங்களிலும் வென்றனர்; நகைப்பும் அடங்கிற்று. தோற்றோருள் ஹார்வி டு குரோஸ் என்னும் வணிகரின் மைந்தரும் இருந்தனர். அவ்வணிகர் டன்லப்போடு கூடி ஒரு கம்பெனி நிறுவினார்.

நிற்க. அத்தொடக்க டயரில் ஒரு பெருங்குறை இருந்தது. அது சக்கர வளையத்தோடு பசையால் ஒட்டப்பட்டிருந்தமையால், முள் ஒன்று தைப்பினும் முழுவதையும் உரித்தெடுத்து மீண்டும் ஒட்டுதல் வேண்டும். 1890இல் சார்ல்ஸ் வெல்ச் என்பார் விளிம்பிற் கம்பி வைத்த டயரை அமைத்த பின்னரே கழற்றி மாட்டுதல் எளிதாயிற்று. அவர்தம் உரிமையைக் கம்பெனி விலைக்கு வாங்கிற்று. யாம் முற்பகலில் வேலையை முடித்தமைக்கு டன்லப்பினும் வெல்ச்சுக்கே நன்றி மிகுதியும் உரியது போலும்.

அதே 1890இல் டன்லப்புக்கு இடி போன்ற செய்தி ஒன்று வந்தது. இராபர்ட் வில்லியம் தாம்சன் என்னும் மற்றொரு ஸ்காட்லாந்தினர் 1845இலேயே காற்றடைத்த டயருக்கு உரிமை பெற்றிருந்தனர் என்றும், ஆதலின் டன்லப்பின் உரிமை செல்லாது என்றும் தெரியலாயிற்று. தாம்சனது கருத்து குதிரை வண்டிகளுக்கு எழுந்தது. சைக்கிள் பெருகாத அக்காலத்தில் அஃது உலகத்தாரால் மறக்கப்பட்டது. டன்லப் அதனை அறியாமலே தாமும் கண்டார். இவரைப் பிறர் பொருளைக் கவர்ந்தார் என்று கூறுதல் முறையன்று. முதல்வர் என்று கூறுதலும் உண்மையன்று. தாம்சன் கண்ட பொருள் வழக்கொழிந்தது, டன்லப் கண்டது நிலைத்தது என்பதே யாம் துணியக்கூடியது.

1895இல் டன்லப் கம்பெனியை விட்டு விலகினர். மறு ஆண்டில் அத்தொழில் முப்பது இலட்சம் பவுனுக்கு விற்கப்பட்டபோது அப்பெருஞ்செல்வம் இவரைச் சேரவில்லை. இவர்தம் பெயர் மட்டும் டயர்களின்மேல் உலகெங்கும் உருண்டது. 1959இல் சென்னையை அடுத்த அம்பத்தூரில் எழுந்த தொழிற்சாலையும் அப்பெயரே தாங்கிற்று.

டன்லப் 1921ஆம் ஆண்டு அக்டோபர் 23ஆம் நாள் டப்ளின் நகரில் தம் இல்லத்தே காலமாயினார். காற்றடைத்த டயரின் வரலாற்றைக் குறித்து இவர் எழுதிவைத்த நூல், இவர் மறைந்த பின்னரே வெளிவந்தது.