கடன் கணக்கைக் கேட்டவர் கண்டிக்கு வந்த கதை

கண்டியில் ஒராபி பாஷா வாழ்ந்த வீடு இன்று அவர் பெயரில் நூதனசாலையாக இருக்கிறது. துருக்கித் தொப்பி, கொழும்பு ஸாஹிராக் கல்லூரி, அறிஞர் சித்திலெப்பையின் நட்பு ஆகியவற்றைக் கொண்டே எம் சமூகம் அவரை நினைவில் வைத்திருக்கிறது. எகிப்தியப் படைத்தளபதி ஒருவர் எதற்காக மலைநாட்டுக்கு வந்தார் என்று கேட்டால், ஆங்கிலேயரை எதிர்த்தார், நாடு கடத்தப்பட்டார் என்பதோடு பெரும்பாலும் நிறுத்திக்கொள்கிறோம். அந்த எதிர்ப்பின் அடியில் இருந்தது ஒரு கடன் கணக்கு. வங்குரோத்தைக் கண்ட இலங்கையர் அந்தக் கணக்கைக் கட்டாயம் படிக்க வேண்டும்.

அஹ்மத் ஒராபி 1841இல் எகிப்தின் ஷர்கிய்யா மாகாணத்தில் ஒரு விவசாயக் கிராமத்தில் பிறந்தார். தந்தை ஊர்த் தலைவர். சிறு வயதில் அல்-அஸ்ஹரில் சில காலம் ஓதினார். பின்னர் படையில் சேர்க்கப்பட்டார். துருக்கிய, சேர்க்காசிய வம்சத்தினரே உயர் பதவிகளை வைத்திருந்த படையில், மண்ணின் மைந்தரான அவர் இருபது வயதளவில் லெப்டினன்ட் கேணலாக உயர்ந்தார்.

1863இல் இஸ்மாயில் பாஷா ஆட்சிக்கு வந்தார். ரயில் பாதைகள், கால்வாய்கள், பாடசாலைகள் வந்தன. அரண்மனைகளும் ஆடம்பர விழாக்களும் யுத்தங்களும் கூடவே வந்தன. வரவைவிடச் செலவு கூடும்போது விழும் இடைவெளியைத்தான் பற்றாக்குறை என்கிறோம். இஸ்மாயில் அதை ஐரோப்பிய வங்கிகளின் கடனால் நிரப்பினார். பழைய கடனின் வட்டியைக் கட்டப் புதிய கடன் வாங்கப்பட்டது. 1873இல் எடுத்த கடன் ஏட்டில் 3 கோடி 20 இலட்சம் பவுண். கழிவும் தரகும் போக, கைக்கு வந்தது ஏறத்தாழ 2 கோடிதான். வட்டியோ முழுத் தொகைக்கும் கட்ட வேண்டியிருந்தது.

உள்நாட்டிலும் ஒரு வழி கண்டார்கள். ஆறு வருட நிலவரியை முற்கூட்டியே கட்டுபவர்களுக்கு இனி என்றென்றும் பாதி வரிதான் என்று 1871இல் சட்டம் வந்தது. நாளைய வருமானம் இன்றே செலவானது. 1880இல் அந்தச் சலுகையே இரத்துச் செய்யப்பட்டது. முற்பணம் கட்டிய விவசாயி ஏமாந்தார்.

1875இல் சுயஸ் கால்வாயில் எகிப்துக்கு இருந்த 44 வீதப் பங்குகளைச் சுமார் 40 இலட்சம் பவுணுக்குப் பிரித்தானிய அரசாங்கம் வாங்கியது. அதுவும் போதவில்லை. 1876இல் கடன் தவணைகளைக் கட்ட முடியாமல் போனது. கடன் கொடுத்தவர்களின் பிரதிநிதிகள் கெய்ரோவில் அமர்ந்து நாட்டின் வருமானத்தை நேரடியாகப் பெற ஆரம்பித்தார்கள். பின்னர் நிதியமைச்சராகவே ஓர் ஆங்கிலேயர் நியமிக்கப்பட்டார். சிக்கனம் என்ற பெயரில் 2,500 இராணுவ அதிகாரிகள் அரைச் சம்பளத்தில் வீட்டுக்கு அனுப்பப்பட்டார்கள். 1879இல் இஸ்மாயில் பதவி நீக்கப்பட்டு நேப்பிள்ஸ் நகருக்குக் கப்பலேறினார். கடன் அவரோடு கப்பலேறவில்லை. அது எகிப்திய விவசாயியின் தலையில் இருந்தது.

ஒராபி தலைவரானது இந்தச் சூழலில்தான். தம் படையினரின் சம்பளமும் பதவி உயர்வும் அவரது முதல் முறைப்பாடுகளாக இருந்தன. 1881 செப்டம்பர் 9இல் அப்தீன் அரண்மனை முன்றலில் படையோடு நின்றபோது, பாராளுமன்றத்தைக் கூட்ட வேண்டும் என்ற கோரிக்கையும் சேர்ந்துகொண்டது. சபை கூடியது.

அந்தச் சபை கடனை மறுக்கவில்லை. நாட்டு வருமானத்தில் ஏறக்குறைய பாதி கடனுக்கென ஏற்கனவே ஒதுக்கப்பட்டிருந்தது. அதில் கைவைக்க மாட்டோம், மிச்சப் பாதியை எப்படிச் செலவிடுவது என்பதை நாமே தீர்மானிக்க வேண்டும் என்றுதான் பிரதிநிதிகள் கேட்டார்கள். பிரித்தானியாவும் பிரான்ஸும் அதற்கும் இணங்கவில்லை. 1882 பெப்ரவரியில் ஒராபி யுத்த அமைச்சரானார். ஜூலை 11இல் பிரித்தானியக் கப்பல்கள் அலெக்சாந்திரியா மீது குண்டு பொழிந்தன. செப்டம்பர் 13இல் தெல் எல் கபீரில் அவரது படை தோற்றது. தற்காலிகமாக வந்ததாகச் சொன்ன பிரித்தானியப் படையின் கடைசி வீரர்கள் எகிப்தை விட்டு வெளியேறியது 1956இல்.

மரண தண்டனை நாடுகடத்தலாகக் குறைக்கப்பட்டது. சொத்துகள் பறிமுதலாகின. 1883 ஜனவரியில் ஒராபியும் ஆறு தோழர்களும் கொழும்பில் இறங்கினார்கள். வந்த இடத்தில் அவர் சும்மா இருக்கவில்லை. கண்டியின் மைந்தரான சித்திலெப்பையும் வாப்பிச்சி மரிக்காரும் எடுத்த கல்வி முயற்சிக்குத் தோள் கொடுத்தார். 1892இல் மருதானையில் ஸாஹிரா உருவானதில் அவருக்கும் பங்குண்டு. அதே ஆண்டு கண்டிக்கு வந்தவர் 1901இல் மன்னிப்புப் பெற்றுத் தாயகம் திரும்பும் வரை இங்கேயே வாழ்ந்தார். தோழர்களில் மூவர் இந்நாட்டிலேயே மௌத்தானார்கள். ஒராபி 1911 செப்டம்பரில் கெய்ரோவில் காலமானார்.

நாம் வாங்காத கடனை நாம் ஏன் கட்ட வேண்டும் என்று இன்று கட்டுகஸ்தோட்டையிலும் அக்குறணையிலும் கேட்பவர்கள் பலர். நியாயமான கேள்வி. இஸ்மாயிலின் கதை அதற்குக் கசப்பான பதிலைத் தருகிறது. ஆட்சியாளர் போவார், கடன் நாட்டின் பெயரில் நிற்கும். 2022 ஏப்ரல் 12இல் இலங்கை வெளிநாட்டுக் கடன் கொடுப்பனவுகளை நிறுத்தியது. மறு வருடம் சர்வதேச நாணய நிதியத்தின் சுமார் 300 கோடி டொலர் உதவித் திட்டம் வந்தது. 2024 ஜனவரியில் பெறுமதி சேர் வரி 18 வீதமானது. கடையில் பொருள் வாங்கும் ஒவ்வொருவரும் அந்தக் கடனில் ஒரு பங்கைக் கட்டுகிறார்.

போர்க்கப்பல்களின் காலம் போய்விட்டது, நம் நிலை எகிப்தின் நிலையல்ல. ஒராபியின் காலத்துச் சபை கேட்டும் கிடைக்காத உரிமை நம்மிடம் இருக்கிறது. அரச நிதியின் முழுக் கட்டுப்பாடும் பாராளுமன்றத்துக்கே உரியது என்று எமது அரசியலமைப்பின் 148ஆம் உறுப்புரை சொல்கிறது. ஆனால் வரவு செலவுத் திட்ட நாளில் எந்தப் பொருளின் விலை கூடியது, எது குறைந்தது என்பதோடு எம் அக்கறை முடிந்துவிடுகிறது. பற்றாக்குறை எவ்வளவு, அதை நிரப்ப எங்கே, என்ன வட்டிக்குக் கடன் வாங்கப் போகிறார்கள், அந்தப் பணம் வருமானம் தரும் வேலைக்கா வீண் செலவுக்கா என்று நாம் வாக்களித்து அனுப்பியவரிடம் கேட்பதில்லை.

ஜனாஸாவை அடக்கும் முன் மையித்துக்குக் கடன் இருந்ததா என்று விசாரிக்கும் சமூகம் நாம். ஒரு மனிதனின் கடனை அவ்வளவு பாரதூரமாக எடுக்கும் நாம், பிறக்காத பிள்ளைகளின் பெயரிலும் எழுதப்படும் கடனை விசாரிக்காமல் விடுவது முறையல்ல. அந்த விசாரணைக்காகத் தன் நாட்டையே இழந்த ஒருவர் நம் ஊரில் வாழ்ந்திருக்கிறார். அல்லாஹ் அவரைப் பொருந்திக்கொள்வானாக.