கோடைக் கண்மாயில் பாசி தாக்குப்பிடிப்பது எப்படி? 1924-லேயே பதில் சொன்ன ஜெகதீஷ் சந்திர போஸ்!

சித்திரை வெயிலில் புதுக்கோட்டை மாவட்டத்துக் கண்மாய்ப் பக்கம் போனால், மிச்சமிருக்கும் கொஞ்சத் தண்ணீரிலும் பாசி பச்சைப்பசேலென்று கிடக்கும். நம்ம ஊர்க் குளங்களில் வளரும் வேலம்பாசி ஞாபகம் இருக்கா? பள்ளியில் புனலுக்குள் போட்டு குமிழி எண்ணிய ஹைட்ரில்லாதான் அது. பெயரில் பாசி இருந்தாலும் அது பூக்கும் தாவரம். அதன் கோடைக்கால ரகசியத்தை 100 வருஷத்துக்கு முன்பே கவனித்தவர் ஜெகதீஷ் சந்திர போஸ்.

யார் இவர்?

1858-ல், இன்றைய வங்கதேசத்தின் மைமன்சிங்கில் பிறந்தவர். 1885-ல் கல்கத்தா பிரசிடென்சி கல்லூரியில் இயற்பியல் பேராசிரியர் ஆனார். அங்கே ஐரோப்பியர்களைவிட இந்தியருக்குச் சம்பளம் குறைவு. அதை ஏற்காத போஸ், 3 வருஷம் சம்பளமே வாங்காமல் பாடம் நடத்தினார். கடைசியில் முழுச் சம்பளமும் பாக்கியோடு வந்தது. ரேடியோ அலை ஆய்வில் பெயர் வாங்கியவர், பிறகு செடிகள் பக்கம் திரும்பினார். 1917-ல் கல்கத்தாவில் போஸ் ஆய்வு நிறுவனத்தைத் தொடங்கினார்.

தண்ணீருக்குள் என்ன சிக்கல்?

காற்றைவிடத் தண்ணீரில் கார்பன் டை ஆக்சைடு சுமார் 10,000 மடங்கு மெதுவாகப் பரவும். செடிகள் அடர்ந்த குளத்தில் வெயில் ஏற ஏற அது தீர்ந்துபோகும், ஆக்சிஜன் கூடும். கார்பனைப் பிடிக்க வேண்டிய ரூபிஸ்கோ நொதி, அப்போது தவறுதலாக ஆக்சிஜனையும் பிடித்துவிடும். உழைப்பு வீண்.

போஸ் கண்டது என்ன?

குமிழிகளைத் தானாகவே பதிவு செய்யும் கருவியை போஸ் உருவாக்கினார். கோடையில் எடுத்த ஹைட்ரில்லாவும் குளிர்காலத்தில் எடுத்ததும் ஒரே மாதிரி இயங்கவில்லை. கோடைச் செடி கார்பன் டை ஆக்சைடை இன்னும் சிக்கனமாகப் பயன்படுத்தியது. மாலிக் அமிலத்திலிருந்தும் கார்பனை எடுத்தது. இதை 1924-ல் ஒளிச்சேர்க்கை பற்றிய தன் நூலில் எழுதினார்.

ஆனால் அது பெரிதாகக் கவனிக்கப்படவில்லை. செடிக்குள் கார்பன் போகும் பாதையைத் தடம்பிடிக்க உதவிய கார்பன்-14 கண்டுபிடிக்கப்பட்டதே 1940-ல்தான். போஸ் 1937-லேயே காலமாகிவிட்டார். கார்பனை முதலில் அமிலமாகச் சேர்த்துவைக்கும் 'சி4' முறை, 1960-களில் கரும்பில் தெளிவானது. கரும்புக்கு இதற்கு 2 வகை செல்கள் வேண்டும். ஹைட்ரில்லா ஒரே செல்லுக்குள் முடித்துவிடும் என்பது அதற்கும் பிறகுதான் புரிந்தது.

பச்சைப்பாசி என்ன செய்யும்?

கண்மாய்த் தண்ணீரையே பச்சையாக்கும் நுண்பாசிகளுக்கு வேறு வழி. கார்பன் குறைந்தால், தண்ணீரில் கரைந்துள்ள பைகார்பனேட்டைச் செல்லுக்குள் இழுத்துக்கொள்ளும். ரூபிஸ்கோ குவிந்திருக்கும் 'பைரினாய்டு' என்ற பகுதியில் அதை கார்பன் டை ஆக்சைடாக மாற்றும். நொதிக்குப் பக்கத்திலேயே சாப்பாடு!

இப்போது எதற்கு இது?

அதே கண்மாய்த் தண்ணீரில் விளையும் நெல்லுக்கு இந்த 2 வித்தையும் தெரியாது. அதற்குக் கற்றுக்கொடுத்தால் விளைச்சல் கூடுமா என்று உலகம் முழுக்க ஆய்வுகள் நடக்கின்றன. அந்தப் பாடத்தின் ஒரு பக்கத்தை போஸ் 1924-லேயே எழுதிவைத்துவிட்டுப் போனார்.