சிலுவை சுமந்த வேடம்: பால் ராப்சன் வாழ்க்கை

கிறிஸ்தவ ஆலய விழாக்களிலும் சங்க மண்டபங்களிலும் இளைஞர் ஊதியமின்றி நடிக்கும் விவிலிய நாடகங்களைப் பொழுதுபோக்கு என்றே பலரும் எண்ணுகின்றனர். அத்தகைய நாடகம் ஒன்றில் வேடம் பூண்ட சட்டக் கல்லூரி மாணவர் ஒருவர், பின்னாளில் உலகம் போற்றும் நடிகராகவும் பாடகராகவும் உயர்ந்தார். அவரே அமெரிக்கக் கறுப்பினப் பெருமகன் பால் ராப்சன்.

அவர் 1898ஆம் ஆண்டு ஏப்ரல் 9ஆம் நாள் நியூஜெர்சி மாநிலத்துப் பிரின்ஸ்டன் நகரில் பிறந்தார். தந்தையார் வில்லியம் ராப்சன் அடிமையாகப் பிறந்தவர். பதினைந்து வயதில் தப்பியோடி, கல்லூரியில் பயின்று, திருச்சபைக் குருவானவர். தாயார் ஆசிரியை. 1904இல் வீட்டு அடுப்பின் நெருப்புப் பட்டு அவ்வம்மையார் மாண்டபோது பாலுக்கு ஆறு வயதும் நிறையவில்லை. தந்தையின் ஆலயத்திலேதான் சிறுவன் பாடப் பழகினான். உயர்நிலைப் பள்ளியிலோ ஒத்தெல்லோவாக வேடமும் ஏற்றான்.

1915இல் போட்டித் தேர்வில் வென்று, உதவித்தொகையுடன் ரட்கர்ஸ் கல்லூரியில் சேர்ந்தார். கால்பந்து பயிலச் சென்ற முதல் நாளில் சொந்த அணியினரே மூக்கை உடைத்தனர். அவர் மறுபடியும் களத்திற்கு வந்தார். 1916இல் தென்மாநிலக் கல்லூரி ஒன்று கறுப்பருடன் ஆட மறுத்தபோது, அவரைக் கரையில் அமர்த்திவிட்டு ஆட்டம் நடந்தது. ஆயினும் நாட்டின் தலைசிறந்த ஆட்டக்காரர் வரிசையில் இருமுறை இடம் பெற்றார். 1919இல் வகுப்பின் சார்பில் பட்டமளிப்பு விழா உரையும் ஆற்றினார்.

கொலம்பியாவில் சட்டம் பயின்ற காலத்தில், 1920ஆம் ஆண்டு, நியூயார்க் நகரின் ஹார்லெம் பகுதியில் இருந்த கிறிஸ்தவ இளம்பெண்கள் சங்கத்தில் அந்நாடகம் நடைபெற்றது. ரிட்ஜ்லி டாரன்ஸ் என்ற வெள்ளைக் கவிஞர் இயற்றியது; சிரேனே ஊரானாகிய சீமோனைத் தலைவனாகக் கொண்டது. சிரேனே என்பது வட ஆப்பிரிக்க நகரம். ஆதலின், இயேசுவின் சிலுவையை உடன் சுமக்குமாறு பிடிக்கப்பட்ட அம்மனிதனைத் தம் இனத்தவனாகவே கறுப்பின மக்கள் கருதினர். அடிமைகளின் கலகத் தலைவனான சீமோன் வாளெடுக்க வந்து, வாளைத் தவிர்த்துச் சிலுவையைத் தோளேற்றுவதே நாடகத்தின் உச்சம். அடிமையாகப் பிறந்தவரின் மகன் அவ்வேடத்தைத் தாங்கி நின்றதை எண்ணிப் பாருங்கள், இளைஞர்களே! மண்டபம் சிறிது, நடித்தவர் அனைவரும் தொழில்முறை சாராதார். ஆண்டு விழா நாடகத்தால் படிப்புக் கெடும் என்று பிள்ளையை அழைத்துச் செல்லும் பெற்றோர் பலரைத் தலைமையாசிரியனாகிய நான் கண்டிருக்கிறேன். அவர்களிடம் இந்நிகழ்ச்சியைச் சொல்வதுண்டு.

1923இல் ராப்சன் சட்டப் பட்டம் பெற்றார். பணியேற்ற அலுவலகத்தில், கறுப்பர் சொல்லச் சொல்லத் தான் எழுதுவதில்லை என்று வெள்ளைச் சுருக்கெழுத்தாளர் மறுத்துவிட்டார். பெற்ற பட்டம் பயன்படாத அத்தொழிலை அவர் துறந்தார். மனைவி எஸ்லாண்டா ஊக்குவிக்க, முன்பு விளையாட்டாகப் பழகிய மேடையே வாழ்வாயிற்று. 1924இல் யூஜின் ஓநீலின் நாடகங்களில் நடித்தார். 1925இல் தம் இனத்தாரின் பக்திப் பாடல்களையும் உழைப்புப் பாடல்களையும் மட்டுமே கொண்ட முழுக் கச்சேரி நிகழ்த்தினார். 1943இல் பிராட்வேயில் ஒத்தெல்லோவாகத் தோன்றினார். அந்நாடகம் 296 முறை நடைபெற்றது. நிறவேறுபாட்டுடன் அமர வைக்கும் அரங்குகளில் நடிக்க அவர் இசையவில்லை.

இனக்கொடுமையை வெளிநாடுகளிலும் எடுத்துரைத்தமையாலும் சோவியத் நாட்டிடம் நட்புப் பாராட்டியமையாலும், 1950இல் அரசு அவரது கடவுச்சீட்டைப் பறித்தது. சோவியத் ஆட்சியின் தவறுகளை அவர் வெளிப்படையாகக் கண்டிக்காதது எனக்கு உடன்பாடன்று. அதற்காக ஒரு கலைஞனின் வாயை அடைத்ததோ அதனினும் பெருங்குற்றம். அரங்குகள் கதவடைத்தன. ஹார்லெமில் தமையனார் பெஞ்சமின் குருவாயிருந்த ஆலயமோ திறந்திருந்தது, அங்கே பாடினார். 1957இல் வேல்ஸ் நாட்டுச் சுரங்கத் தொழிலாளருக்காகக் கடல்கடந்த தொலைபேசி வழியே பாடினார். மறு ஆண்டு, உச்சநீதிமன்றத் தீர்ப்பினால் கடவுச்சீட்டு மீண்டது.

பின்னர் உடல்நலம் குன்றியது. 1976 ஜனவரி 23ஆம் நாள் பிலடெல்பியாவில் மறைந்தார். அவர் சீமோனாக நின்ற அதே ஹார்லெமில், தமையனாரின் பழைய ஆலயத்தில் இறுதி வழிபாடு நடைபெற்றது.